இருபது விநாடி வாழும் குமிழி

நாலடியார் பிறந்த கதை மதுரைக்காரர்களுக்குத் தெரியும். பஞ்சம் பிழைக்கப் பாண்டிய நாட்டுக்கு வந்த சமண முனிவர்கள், பஞ்சம் தீர்ந்ததும் அரசனிடம் சொல்லாமலே ஊர் திரும்பினார்கள். போகும்போது ஆளுக்கொரு பாட்டை ஓலையில் எழுதி இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்கள். கோபம் கொண்ட பாண்டியன் அத்தனை ஓலைகளையும் வைகையில் எறியச் சொன்னான். நானூறு ஓலைகள் மட்டும் வெள்ளத்தை எதிர்த்து ஏறி வந்தன என்பது கதை. அப்படி ஏறி வந்த பாட்டுகளில் ஒன்று, மனித உடம்பைப் பெருமழையில் தோன்றி மறையும் நீர்க்குமிழியோடு ஒப்பிடுகிறது. குமிழிக்கு அந்தப் பாட்டு வைத்திருக்கும் பழந்தமிழ்ச் சொல் மொக்குள்.

அன்று முதல் தமிழில் குமிழி என்றாலே நிலையாமைதான். துக்க வீட்டில் அதைச் சொல்கிறோம், மேடையில் சொல்கிறோம், சினிமாப் பாட்டில் சொல்கிறோம். அதே வைகைக் கரை ஊரில், நாலடியார் நினைத்த அதே குமிழி இன்று இரவும் பகலும் வேலை பார்க்கிறது. அதன் ஆயுள் சுமார் இருபது விநாடி. அந்த இருபது விநாடியில் அது செய்யும் வேலையை நம்பித்தான் ஆறும் கண்மாயும் இருக்கின்றன. அந்தக் குமிழியின் வாழ்க்கை வரலாறு இது.

ஊரின் கழிவு போய்ச் சேரும் இடம்

மதுரையில் பாதாளச் சாக்கடை 1920களில் வந்தது. சேர்ந்த கழிவுநீரை ஊருக்குத் தெற்கே அவனியாபுரம் பக்கம் கொண்டுபோய் நிலத்தில் பாய்ச்சி மாட்டுக்குப் புல் வளர்த்தார்கள். மண்ணும் வேரும் மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிரும் சேர்ந்து கழிவைச் செரித்தன. ஊர் சிறியதாக இருந்தவரை அது போதுமானதாக இருந்தது. ஊர் பெருத்தது, நிலம் பெருக்கவில்லை.

இன்று அவனியாபுரத்தை ஒட்டிய வெள்ளக்கல்லில் நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் திறனுள்ள நிலையம் இருக்கிறது. ஊருக்குக் கிழக்கே சக்கிமங்கலத்தில் இன்னொன்று; அதன் திறன் 4.57 கோடி லிட்டர். இரண்டும் ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில் கட்டப்பட்டவை.

கழிவுநீர் என்றதும் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். உண்மையில் அதில் ஆயிரத்துக்கு 999 பங்கு தண்ணீர்தான். மிச்சமிருக்கும் ஒரு பங்கில்தான் சோறு வடித்த கஞ்சி, பாத்திரம் கழுவிய எண்ணெய், சோப்பு, மலம், சிறுநீர் எல்லாம். இந்த ஒரு பங்கு ஆற்றில் கலந்தால் அங்குள்ள பாக்டீரியாவுக்கு விருந்து. விருந்து உண்ணும் பாக்டீரியா நம்மைப் போலவே மூச்சு விடும். நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். விருந்து பெரிதாகப் பெரிதாக ஆக்சிஜன் தீரும். முதலில் மீன் செத்து மிதக்கும். பிறகு ஆக்சிஜன் இல்லாமலே வாழும் வேறு வகை பாக்டீரியா தலையெடுக்கும், தண்ணீர் கறுக்கும், அழுகிய முட்டை நாற்றம் வரும். பாகவத புராணத்தில் மீன் அவதாரம் நிகழ்ந்த கிருதமாலை நதி இதுதான் என்று நம்பப்படும் கிருதுமால், இன்று ஊருக்குள் சாக்கடையாக ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆக, செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆற்றில் நடக்கும் விருந்தைத் தொட்டிக்குள்ளேயே நடத்தி முடித்துவிட வேண்டும். அதற்கு வேண்டிய ஆக்சிஜனை நாம் கொடுக்க வேண்டும். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கூலியாள்தான் குமிழி.

வீட்டிலிருக்கும் வினைகலன்

வேதிவினை நடக்கும் பாத்திரத்தைப் பொறியாளர்கள் வினைகலன் என்கிறார்கள். அதற்குள் திடம், திரவம், வாயு ஆகியவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்திருந்தால் அது பலநிலை வினைகலன். பெயர் பெரிதாக இருந்தாலும் பொருள் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. இரவு கரைத்து வைத்த இட்லி மாவு அப்படிப்பட்ட ஒன்று. அரிசி, உளுந்துத் துகள்கள் திடம், நீர் திரவம், நுண்ணுயிர்கள் வெளியிடும் கரியமில வாயு மூன்றாவது. உளுந்தின் வழவழப்பு அந்த வாயுக் குமிழிகளை ஏற விடாமல் பிடித்து வைக்கிறது. அதனால்தான் விடிகாலையில் மாவு பொங்கி நிற்கிறது; இட்லி பூப்போல வருகிறது.

வெள்ளக்கல் தொட்டியும் இதே குடும்பம்தான். நீர் இருக்கிறது; பழுப்பு நிறத் துகள்களாகத் திரண்ட பாக்டீரியாக் கூட்டம் இருக்கிறது; குமிழி இருக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. மாவில் குமிழி உள்ளேயே பிறந்து அங்கேயே தங்குகிறது. தொட்டியில் வெளியிலிருந்து வருகிறது, நிற்காமல் ஓடிவிடுகிறது. ஓடுகிறவனிடம் எவ்வளவு வேலை வாங்க முடியும் என்பதுதான் பலநிலை வினைகலனின் பாய்ம இயக்கவியல் கேட்கும் கேள்வி. வனஸ்பதி ஆலையில் எண்ணெய்க்குள் ஹைட்ரஜனை ஊதி நிக்கல் தூளோடு சேர்க்கும் பொறியாளரும், பெனிசிலின் வளர்க்கும் தொட்டியில் காற்று ஊதுபவரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

பிறப்பு

குமிழிக்கு முந்தைய பிறவி நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று. அதில் நூற்றுக்கு 21 பங்கு ஆக்சிஜன். வடிகட்டி வழியாக அதை உள்ளே இழுத்து அழுத்தி அனுப்பும் இயந்திரத்துக்கு நிலையத்தில் இருப்பவர்கள் சொல்லும் பெயர் புளோயர். தொட்டியின் ஆழம் ஐந்து மீட்டர் என்றால், அடியில் இருக்கும் நீரின் பாரம் காற்றுமண்டலத்தின் அழுத்தத்தில் பாதி. அந்தப் பாரத்தைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியே வர வேண்டும். அழுத்தும்போது காற்று சூடாகிறது. புளோயர் அறையிலிருந்து வரும் குழாயில் கை வைக்க முடியாது. கழிவுநீர் நிலையத்தின் மின்சாரத்தில் பாதி, பல இடங்களில் அதற்கு மேலும், இந்த ஒரு வேலைக்கே போகிறது.

குழாய் தொட்டியின் தரைக்கு வருகிறது. அங்கே வரிசை வரிசையாக ரப்பர் சவ்வு போர்த்திய டிஃபியூசர்கள். சவ்வில் ஊசியால் கீறியது போன்ற ஆயிரக்கணக்கான சிறு கீறல்கள். காற்று வந்தால் சவ்வு உப்பி, கீறல் திறக்கிறது. காற்று நின்றால் மூடிக்கொள்கிறது.

ஒரு கீறலின் வாயில் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். காற்று ஒரு மொட்டாக எட்டிப் பார்க்கிறது. நீரின் பரப்பு இழுவிசை அதைக் கீறலின் விளிம்போடு கட்டிப் பிடிக்கிறது. மொட்டு பெருக்கிறது. பெருக்கப் பெருக்க, அதை மேலே தூக்கும் மிதப்பு விசை கூடுகிறது. ஒரு கட்டத்தில் தூக்கும் விசை பிடிக்கும் விசையை மிஞ்சுகிறது. மொட்டுக்கும் கீறலுக்கும் நடுவில் இருக்கும் காற்றுக் கழுத்து மெலிகிறது, நூலாகிறது, அறுகிறது. குமிழி பிறந்துவிட்டது. மொக்குள் என்ற சொல்லுக்குத் தமிழில் கொப்பூழ் என்ற பொருளும் உண்டு. கொடி அறுத்துப் பிறப்பது இரண்டுக்கும் பொதுவாக இருக்கிறது.

பிறந்த குமிழியின் குறுக்களவு சுமார் மூன்று மில்லிமீட்டர். ஒரு பெரிய கடுகளவு. இந்த அளவில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு லிட்டர் காற்றை ஒரே உருண்டையாக நீருக்குள் விட்டால், அதன் மேற்பரப்பு 484 சதுர சென்டிமீட்டர். அகலமான புத்தகம் ஒன்றின் அட்டை அளவு. அதே ஒரு லிட்டரை மூன்று மில்லிமீட்டர் குமிழிகளாக உடைத்தால் எழுபதாயிரம் குமிழிகள் வரும். அவற்றின் மேற்பரப்பைக் கூட்டினால் இரண்டு சதுர மீட்டர். ஒருவர் படுத்துறங்கும் பாயின் அளவு. நாற்பது மடங்கு. ஆக்சிஜன் நீருக்குள் போக வேண்டுமானால் இந்தத் தோல் வழியாகத்தான் போக வேண்டும். காற்று அதே காற்றுதான். உடைத்த விதத்தில் வாசல் நாற்பது மடங்கு அகலமாகிவிட்டது.

பயணம்

குமிழி மேலே கிளம்புகிறது. விநாடிக்கு இருபது, முப்பது சென்டிமீட்டர் வேகம். ஐந்து மீட்டரைக் கடக்க இருபது விநாடி. நேராகப் போவதில்லை. ஆடி ஆடி, வளைந்து வளைந்து, சில சமயம் திருகு போலச் சுற்றி ஏறுகிறது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே லியனார்டோ டா வின்சி இதைக் கவனித்துத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். நேரே மேலே இழுக்கப்படும் ஒரு பொருள் ஏன் பக்கவாட்டில் அலைகிறது என்பது நெடுநாள் புதிர். 2023ல் செவில் பல்கலைக்கழகத்தின் மிகுவல் எராதாவும் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் யென்ஸ் எகர்ஸும் கணக்கிட்டுக் காட்டினார்கள்: தூய நீரில் குமிழியின் ஆரம் 0.926 மில்லிமீட்டரைத் தாண்டினால் நேர்வழி நிலைக்காது. குமிழி கொஞ்சம் சாய்கிறது, சாய்ந்த பக்கம் வளைவு கூடுகிறது, அங்கே நீர் வேகமாக ஓடி அழுத்தம் குறைகிறது, அது குமிழியைத் திரும்பத் தள்ளுகிறது, மறுபடி சாய்வு. நம் வெள்ளக்கல் குமிழியின் ஆரம் ஒன்றரை மில்லிமீட்டர். அது ஆடித்தான் ஏற வேண்டும்.

இந்த ஆட்டம் வீணாகவில்லை. அதன் அருமை தெரிய ஒரு கணக்கு போதும். அசையாத நீரில் ஆக்சிஜன் தானாகப் பரவி ஒரு சென்டிமீட்டர் தூரம் போக ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆகும். ஒரு விரல் அகலத்தைக் கூட அத்தனை நேரத்தில் கடக்காது. பாக்டீரியா அதுவரை மூச்சடக்கிக் காத்திருக்க முடியாது. தொட்டியில் கோடானுகோடி பாக்டீரியாவுக்குச் சில விநாடிகளில் ஆக்சிஜன் போய்ச் சேர்கிறதென்றால், அதற்குக் காரணம் நீரின் கலக்கம். குமிழி ஆடி ஏறும்போது தன் பின்னால் சுழல்களை விட்டுக்கொண்டே போகிறது. கீழிருக்கும் நீரைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு போகிறது. தொட்டியில் படிந்துவிடாமல் சேற்றுத் துகள்களை எழுப்பி வைப்பதும் இந்தக் கலக்கம்தான். குமிழி மூச்சுக் காற்றையும் சுமக்கிறது. கரண்டியாக நின்று துழாவவும் செய்கிறது.

கூட்டமாக ஏறும்போது வேறொரு சிக்கல் வரும். டிஃபியூசர்களைத் தொட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் நெருக்கி வைத்தால், அங்கே நீர் தூண் போல மேலே பாயும். எதிர்ப்பக்கம் கீழே இறங்கும். மேலே பாயும் நீர் குமிழியையும் அள்ளிக்கொண்டு ஓடுவதால் அதன் ஆயுள் குறைந்துவிடும். ஆற்றோடு போகும் படகு போல, நின்று வேலை செய்ய நேரம் கிடைக்காது. தரை முழுக்க டிஃபியூசரைப் பரப்பி வைத்தால் இந்த ஓட்டம் அடங்கும்; குமிழி தன் வேகத்தில் ஏறும். அதே காற்று, அதே மின்சாரம். ஆனால் கரையும் ஆக்சிஜன் கூடும்.

கொடுக்கல் வாங்கல்

குமிழியின் தோலில் என்ன நடக்கிறது என்பதை அறிவியல் படிப்படியாகக் கண்டுகொண்டது. 1923ல் விட்மன், வாயுவும் நீரும் சந்திக்கும் இடத்தில் இரண்டு மெல்லிய படலங்கள் அசையாமல் நிற்பதாகவும், ஆக்சிஜன் அவற்றை ஊடுருவிப் போவதாகவும் சொன்னார். 1935ல் ஹிக்பி, படலம் நிற்பதில்லை, நீர் வந்து தொட்டுவிட்டு நகர்ந்து போகிறது என்றார். நம் குமிழிக்கு அந்தக் கணக்கைப் போட்டால், ஒரு துளி நீர் குமிழியின் தோலைத் தொட்டிருக்கும் நேரம் விநாடியில் நூறில் ஒரு பங்குதான். அதற்குள் வாங்கிக்கொண்டு நகர வேண்டும். அடுத்த துளி காத்திருக்கிறது. 1951ல் டாங்க்வெர்ட்ஸ், எல்லாத் துளிகளுக்கும் ஒரே நேரம் கிடைப்பதில்லை, மேற்பரப்பு ஓயாமல் தற்செயலாகப் புதுப்பிக்கப்படுகிறது என்று அதை விரித்தார்.

இந்த அறிவு இந்தியாவுக்கு நேரடியாக வந்தது. டாங்க்வெர்ட்ஸிடம் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த எம்.எம். சர்மா 1964ல் பம்பாய் திரும்பி, அங்குள்ள வேதித் தொழில்நுட்பத் துறையில் இருபத்தேழு வயதில் பேராசிரியரானார். வாயுவும் திரவமும் சேரும் வினைகலன்களில் உலகம் திரும்பிப் பார்க்கும் ஒரு பள்ளியை வளர்த்தார். புனே தேசிய வேதி ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த எல்.கே. துரைசாமியோடு சேர்ந்து அவர் எழுதிய இரண்டு தொகுதி நூல் 1984ல் வந்தது. 1990ல் சர்மா லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வானார்.

நம் குமிழிக்கு மதுரையில் கூடுதல் கஷ்டம் ஒன்று உண்டு. வெயில். பத்து டிகிரிக் குளிரில் ஒரு லிட்டர் நீர் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏற்கும். முப்பது டிகிரியில் ஏழரை மில்லிகிராமுக்கு மேல் ஏற்காது. அதே சூட்டில் பாக்டீரியாவுக்குப் பசி கூடுகிறது. கொள்ளும் பாத்திரம் சிறுக்கிறது. கேட்கும் வாய் பெருக்கிறது. குளிர்நாட்டுப் புத்தகத்தில் போட்டிருக்கும் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது.

எத்தனை குமிழி வேண்டும்? வெள்ளக்கல் நிலையம் முழுத் திறனில் ஓடுவதாகவும், ஒரு லிட்டர் கழிவுநீரைச் செரிக்க 300 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். 12.5 கோடி லிட்டருக்கு நாளொன்றுக்கு 37.5 டன் ஆக்சிஜன் வருகிறது. குமிழி தான் சுமந்து வரும் ஆக்சிஜனில் சுமார் ஆறில் ஒரு பங்கைத்தான் இருபது விநாடியில் கொடுக்க முடிகிறது, மீதியோடு வெளியேறிவிடுகிறது. அப்படிப் பார்த்தால் ஒரு நாளைக்கு எட்டு லட்சம் கன மீட்டருக்கு மேல் காற்று ஊத வேண்டும். குமிழியாக எண்ணினால் ஏறத்தாழ 58 லட்சம் கோடி. மதுரை என்ற ஊர் நாற்றமின்றி வாழ ஒரு நாளைக்கு இத்தனை குமிழி பிறந்து இறக்க வேண்டும்.

முன்னோர்

இந்த முறைக்கு வயது நூற்றுப் பத்துக்கு மேல். மான்செஸ்டரைச் சேர்ந்த கில்பர்ட் ஃபவுலர் 1912ல் அமெரிக்காவின் லாரன்ஸ் ஆய்வு நிலையத்துக்குப் போனபோது, பாட்டிலில் பிடித்த கழிவுநீரில் காற்று ஊதிப் பார்க்கும் சோதனைகளைக் கண்டார். ஊர் திரும்பி எட்வர்ட் ஆர்டனிடமும் வில்லியம் லாக்கெட்டிடமும் அதைச் செய்து பார்க்கச் சொன்னார். முதல் தடவை கழிவுநீர் முழுக்கத் தெளிய ஐந்து வாரம் காற்று ஊத வேண்டியிருந்தது. அந்த நிலையில் யாரும் கைவிட்டிருப்பார்கள். அவர்கள் தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய சேற்றை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மேல் புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். இப்படித் திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய, ஐந்து வார வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. அந்தச் சேறுதான் பாக்டீரியாக் கூட்டம். பழைய மாவில் ஒரு கரண்டியைப் புது மாவில் சேர்த்தால் சீக்கிரம் புளிக்கும் என்பதை அறிந்த நம் வீட்டுப் பெண்களுக்கு இதில் வியப்பு இருக்காது. 1914 ஏப்ரல் 3 அன்று தங்கள் முடிவை மான்செஸ்டரில் ஒரு கூட்டத்தில் வாசித்தார்கள்.

ஃபவுலர் அதோடு நிற்கவில்லை. 1916ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். இந்த முறையின் வேர் தென்னிந்தியா வரை நீண்டது அப்படித்தான்.

ஆர்டனும் லாக்கெட்டும் செய்தது நான்கு காரியம்: நிரப்பு, ஊது, தெளிய விடு, வடி. இன்று தமிழ்நாட்டு நகரங்களில் பரவலாகக் கட்டப்படும் எஸ்.பி.ஆர். (சீக்வென்சிங் பேட்ச் ரியாக்டர்) நிலையங்கள் செய்வதும் இதே நான்குதான். முறை வைத்து நடத்த இப்போது கணினி இருக்கிறது, அடிப்படை மாறவில்லை. பணியாளர் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் அளவுக் கண்ணாடிக் குடுவையில் நீரை மொண்டு, மேசை மேல் வைத்து முப்பது நிமிடம் பார்ப்பார். காப்பி நிறத்தில் கலங்கியிருந்தது மெல்லத் திரளும். பஞ்சு போல இறங்கும். மேலே தெளிந்த நீர் நிற்கும். சேறு இறங்கும் அழகைப் பார்த்தே அன்றைக்குத் தொட்டி நலமாக இருக்கிறதா இல்லையா என்று அனுபவசாலி சொல்லிவிடுவார். நீரின் மேற்பரப்பையும் பார்ப்பார். மழைத்தூறல் விழுந்த குளம் போல எங்கும் சீராகச் சிலிர்த்தால் நல்லது. ஓரிடத்தில் மட்டும் உலை கொதிப்பது போலப் பொங்கினால், கீழே ஏதோ ஒரு டிஃபியூசரின் சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள்.

இறப்பும், இறக்க முடியாத குமிழியும்

மேலே போகப் போக நீரின் பாரம் குறைகிறது, குமிழி உப்புகிறது. பன்னீர் சோடா பாட்டிலில் ஏறும் குமிழியும் பெருக்கும். அது நீரில் கரைந்த வாயுவை வாங்கிக்கொண்டே ஏறுவதால் பெருக்கிறது. நம் குமிழி கொடுத்துக்கொண்டே ஏறுகிறது. மேற்பரப்பைத் தொட்டதும் அதன் தலைக்கு மேல் ஒரு நீர்ப்படலம் மட்டும் மிஞ்சுகிறது. படலத்திலிருந்து நீர் வடிகிறது, மெலிகிறது, உடைகிறது. உள்ளே இருந்த காற்று, ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்து, கரியமில வாயு கொஞ்சம் கூடி, வந்த வானத்துக்கே திரும்புகிறது. முழு வரலாறு இவ்வளவுதான்.

இந்த வரலாற்றைக் கெடுக்கும் பொருள் நம் கையில் இருக்கிறது. சோப்பு. சோப்பு மூலக்கூறுக்கு ஒரு முனை நீரை விரும்பும், மறுமுனை நீரை வெறுக்கும். நீருக்குள் காற்றுக் குமிழியைக் கண்டால் ஓடிப்போய் அதன் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் வழுக்கி ஓடிக்கொண்டிருந்த தோல் விறைத்துவிடுகிறது. புதுத் துளி வந்து தொடுவது குறைகிறது. விட்மனும் ஹிக்பியும் டாங்க்வெர்ட்ஸும் கணக்கிட்ட அந்த வாசல் பாதி சாத்திக்கொள்கிறது. தூய நீரில் கரையும் ஆக்சிஜனில் பாதியளவுதான் கழிவுநீரில் கரைகிறது என்பது பொறியாளர்கள் எப்போதும் கணக்கில் வைத்துக்கொள்ளும் உண்மை. சமையல் எண்ணெய் இன்னொரு கெடுதல் செய்கிறது. குழாயில் கட்டிபடுகிறது, பாக்டீரியாத் துகளைப் போர்த்தி மூச்சை அடைக்கிறது, டிஃபியூசரின் கீறலிலும் படிகிறது.

சோப்பு முழுவதையும் பாக்டீரியா தின்று முடித்துவிட்டால் கவலையில்லை. முடிக்காமல் நீர் வெளியே போனால் அடுத்த காட்சி வெளியில் நடக்கும். அவனியாபுரத்தை அடுத்த அயன்பாப்பாக்குடி கண்மாயில் நீர் விழுந்து ஓடும் இடத்தில் வெள்ளை நுரை மலைபோல் எழுந்து சாலை வரை வந்த படங்களைச் சமீப ஆண்டுகளில் செய்தித்தாள்களில் பலமுறை பார்த்திருக்கிறோம். பார்க்கப் பஞ்சுப்பொதி போல இருக்கும். பிள்ளைகள் தொடப் போவார்கள். அந்த நுரை வேறொன்றுமில்லை, இறக்க முடியாத குமிழி. மேற்பரப்பில் மெலிந்து உடைய வேண்டிய படலத்தைச் சோப்பு தாங்கிப் பிடித்துவிடுகிறது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன.

நிலையாமையைச் சொல்ல நாலடியார் குமிழியைத் தேர்ந்தது. வெள்ளக்கல் தொட்டியோரம் நின்று பார்த்தால், அந்த நிலையாமையே குமிழியின் நலம் என்று தெரிகிறது. வந்த வேலையை முடித்து உடைந்து போகும் குமிழி ஊரை வாழவைக்கிறது. உடையாமல் நிலைத்து நிற்கும் குமிழி நோயின் அடையாளம்.

நம் பங்கு

வைகைக்கு முன்பு தானே மூச்சு விடத் தெரிந்திருந்தது. வருசநாட்டு மலையிலிருந்து 258 கிலோமீட்டர் ஓடும் அந்த ஆறு, மதுரைக்கு வரும்போது அகன்ற மணற்பரப்பில் கணுக்கால் ஆழத்தில் சலசலத்து ஓடியது. ஆழம் குறைந்த நீர் சலசலக்கும் இடமெல்லாம் காற்று கலக்கும். மணலின் இடுக்கில் பாக்டீரியா குடியிருக்கும். அந்த மணலும் போனது, ஓட்டமும் குறைந்தது, கழிவு மட்டும் கூடியது. ஆறு இலவசமாகச் செய்த வேலையைத்தான் இன்று மின்சாரம் கொடுத்துத் தொட்டியில் செய்துகொண்டிருக்கிறோம்.

அந்த வேலை சரியாக நடக்க மூன்று காரியம் வேண்டும். முதலாவது, ஊரின் கழிவுநீர் முழுவதும் தொட்டிக்கு வந்து சேர வேண்டும். பந்தல்குடி வாய்க்காலிலும் கிருதுமாலிலும் விழும் கழிவுக்கு எந்தக் குமிழியும் உதவ முடியாது. இரண்டாவது, தொட்டியிலும் வெளியேறும் நீரிலும் கரைந்திருக்கும் ஆக்சிஜனின் அளவை நாள்தோறும் மக்கள் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும். குடிநீர் வரும் நேரத்தைக் கேட்டு வாங்கும் நாம், கழிவுநீர் எப்படிப் போகிறது என்பதையும் கேட்டு வாங்கலாம். மூன்றாவது நம் வீட்டுத் தொட்டியடியில் இருக்கிறது. வடை சுட்ட எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் இருக்கலாம். சட்டியைக் கழுவுமுன் ஒரு பழைய காகிதத்தால் வழித்துப் போடலாம். ஒரு கரண்டி சோப்புத்தூள் போதும் இடத்தில் மூன்று கரண்டி போடாமல் இருக்கலாம். பள்ளிப் பிள்ளைகளைத் திருமலை நாயக்கர் மகாலுக்கு அழைத்துப் போவது போல, அனுமதி பெற்று ஒரு முறை வெள்ளக்கல்லுக்கும் அழைத்துப் போகலாம். மேற்பரப்பு சிலிர்ப்பதைப் பார்த்த பிள்ளை அதை மறக்காது.

மீன் வாழ ஒரு லிட்டர் நீரில் நான்கைந்து மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தால் போதும். அதை மிச்சம் வைத்து நீரை ஆற்றுக்கு அனுப்ப வேண்டும். அதற்குக் கடுகளவுக் குமிழிக்கு வேண்டியது இருபது விநாடி தடையில்லாத வழி. அந்த வழியில் சோப்பையும் எண்ணெயையும் கொட்டாமல் இருப்பது ஒவ்வொரு மதுரைக்காரரும் இன்று இரவு பாத்திரம் கழுவும்போதே தொடங்கக்கூடிய காரியம்.